பிரௌனிங் வரையாத பிரௌனிங்

2021 அக்டோபரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி நிறுவனம் எஸ்ஏ-35 என்ற கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று மாதம் கழித்து, 2022 ஜனவரியில், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 'ஹை பவர்' என்ற பெயரில் தன் துப்பாக்கியை அறிவித்தது. துருக்கியின் கிர்சான் நிறுவனமும் ஏறக்குறைய அதே சமயத்தில் எம்சி பி35 என்ற ஒன்றை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பியது. மூன்றுமே ஒரே மூதாதையைச் சொல்லிக்கொண்டு வந்தவை. 1935-ல் பெல்ஜியப் படை ஏற்றுக்கொண்டு, பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைவீரர்களின் இடுப்பில் தொங்கிய பிரௌனிங் ஹை பவர்தான் அந்த மூதாதை.

வந்த நாள் முதல் அவற்றைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குப் பழைய வளைவு, பழைய எடை, பழைய நீல மெருகு எதிலும் கை வைக்கக் கூடாது. சுடும் பயிற்சி தருபவர்கள் இன்னொரு பக்கம். எண்பது ஆண்டுகளாகக் கையைக் கடித்துக்கொண்டிருந்த குறைகளை இப்போதாவது தீர்த்தார்களே என்கிறார்கள் அவர்கள். இரும்புத் துப்பாக்கிகளின் காலமே முடிந்துவிட்டது, இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்று கேட்கும் மூன்றாவது கூட்டமும் உண்டு. அசலைக் கெடுத்துவிட்டார்களா, காப்பாற்றிவிட்டார்களா என்பதுதான் சண்டை. தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்த அசல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் 'அசல்' என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடம் கிடைப்பது கடினம்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரெஞ்சுப் படை ஒரு புதிய பிஸ்டலைத் தேடியது. பதுங்குகுழிச் சண்டையில் ரிவால்வரின் ஆறு குண்டு போதவில்லை. அமெரிக்கர்களின் கோல்ட் 1911-லும் தோட்டாப் பெட்டியான மேகசினில் ஏழுதான். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நிபந்தனைகள் கறாரானவை. குறைந்தது பத்துத் தோட்டா வேண்டும். சுத்தியல் வெளியே தெரிய வேண்டும். தவறிச் சுடாமல் தடுக்கும் உறுதியான சேஃப்டி வேண்டும். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி சுடக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் நூறாண்டு கழித்தும் இணையாத இரண்டு கட்சிகளை உருவாக்கப்போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரையொட்டிய எர்ஸ்டலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை இந்த வேலையை ஜான் மோசஸ் பிரௌனிங்கிடம் கொண்டுபோனது. பெல்ஜிய அரசுக்கு ஒன்றரை லட்சம் மௌசர் ரைஃபிள்கள் செய்து கொடுப்பதற்காக 1889-ல் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்ற ஊரில், துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகனாக 1855-ல் பிறந்தவர் பிரௌனிங். 128 காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. கோல்ட் 1911 அவருடையது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப் போருக்கு வழிதிறந்த எஃப்.என். 1910 பிஸ்டலும் அவர் வடித்ததுதான்.

எஃப்.என்.-இல் தியூதொன்னே சேவ் என்ற வடிவமைப்பாளர் இருந்தார். 1888-ல் லியேஜ் பக்கத்தில் பிறந்தவர். அவர் யோசித்தது மேகசினைப் பற்றி. அதுவரை கைப்பிடிக்குள் செருகும் மேகசின்களில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் கைப்பிடி நீண்டுவிடும். மௌசரின் பழைய சி96 பிஸ்டலில் பத்துத் தோட்டா இரட்டை வரிசையில் இருந்தது என்றாலும், அந்தப் பெட்டி விசைக்கு முன்னால் துப்பாக்கியோடு சேர்ந்தே இருந்தது, கழற்ற முடியாது. சேவ் இரண்டு வரிசையைக் கைப்பிடிக்குள் கொண்டுவந்தார். கீழே தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் படுத்திருக்கும். மேலே வரவர மேகசினின் சுவர்கள் குவிந்து, வாயில் ஒரு தோட்டா மட்டும் எட்டிப்பார்க்கும். இதனால் கைப்பிடி அதிகம் பருக்கவும் இல்லை, நீளவும் இல்லை. இன்று உலகில் படைகளும் காவல் துறைகளும் வைத்திருக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் வழிவந்தவைதாம்.

இந்த மேகசினை வைத்துப் பிரௌனிங் 1922-ல் யூட்டாவில் இரண்டு மாதிரிகளைச் செய்தார். அதில் ஒன்று தேர்வானது. 1923 ஜூன் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அந்த மாதிரியின் அங்க அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். அதில் பதினைந்து தோட்டா. வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. உள்ளே ஸ்பிரிங்கோடு முன்பாயும் ஊசிதான் தோட்டாவை வெடிக்கச் செய்தது. இன்றைய கிளாக் துப்பாக்கிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊசி ஏற்பாட்டின் வகையையே பிரௌனிங் தன் கடைசிப் பிஸ்டலில் வைத்திருந்தார்.

1926 நவம்பர் 26 அன்று, எர்ஸ்டல் தொழிற்சாலையில் தன் மகன் வால் பிரௌனிங்கின் வடிவமைப்பு அறையில் இருந்தபோது, மாரடைப்பு வந்து பிரௌனிங் இறந்துபோனார். அவருடைய பிஸ்டலுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது 1927 பிப்ரவரி 22 அன்று. அவர் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு ஆண்டு இந்த வேலை முழுவதும் சேவ் கையில். 1928-ல் கோல்ட் 1911-இன் காப்புரிமைகள் காலாவதியாயின. அதுவரை கோல்ட் நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமாயிருந்த பிரௌனிங்கின் பழைய உத்திகளை, அவருடைய புதிய துப்பாக்கியில் சேர்க்க சேவுக்கு வழி கிடைத்தது. துப்பாக்கியைப் பிரித்து மாட்டும் முறை மாறியது. ஊசி போய்ச் சுத்தியல் வந்தது. 1931 வாக்கில் கைப்பிடியின் முதுகு உள்ளங்கைக்குப் பொருந்தும்படி வளைந்தது. மேகசின் குட்டையாகி, பதினைந்து பதின்மூன்றானது. 1934-ல் வடிவம் முடிவானது. வேலை கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் வாங்கவில்லை. அவர்கள் தங்கள் நாட்டிலேயே செய்த 7.65 மி.மீ. மாடல் 1935ஏ பிஸ்டலை எடுத்துக்கொண்டார்கள். பெல்ஜியப் படை சேவின் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் பிரௌனிங் என்று நிலைத்தது.

ஆக, 1935-ல் வெளிவந்ததே ஒரு திருத்தப் பதிப்பு. பிரௌனிங் வரைந்ததில் பாதியை மாற்றி, அவருடைய இருபது வருடப் பழைய உத்திகளைத் திரும்ப எடுத்துச் சேர்த்து, இன்னொருவர் முடித்தது. 'பிரௌனிங்கின் கடைசி வடிவத்தைத் தொடாதீர்கள்' என்று இன்று கொதிப்பவர்கள் காப்பாற்றப் பார்ப்பது சேவின் வடிவத்தை. சேவின் பெயர் துப்பாக்கியின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பது அந்த மனிதருக்கு நேர்ந்த அநீதி.

இந்தத் துப்பாக்கியில் பிரௌனிங்குக்குச் சேர வேண்டிய பெரிய பங்கு ஒன்று உள்ளே இருக்கிறது. தோட்டா வெடிக்கும் நொடியில் குழலும் மேலுறையான ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டியிருக்க வேண்டும். அழுத்தம் இறங்கிய பிறகு குழல் கீழே சாய்ந்து பூட்டு விலக வேண்டும். 1911-இல் குழலின் அடியில் ஆடும் சிறு இணைப்பு ஒன்று இந்த வேலையைச் செய்தது. ஹை பவரில் குழலின் அடியிலேயே சாய்வாக வெட்டிய தடம் வந்தது. ஆடுகிற துண்டு ஒன்று குறைந்தது, தேய்மானமும் குறைந்தது. கிளாக், சிக், செக் நாட்டின் சிஇசட் ஆகிய எல்லாமே பின்னாளில் இந்தச் சாய்தடத்தின் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

குறைகளும் பிறவியிலேயே வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் கேட்ட மேகசின் பூட்டை எடுத்துக்கொள்வோம். விசையோடு சேர்ந்த சிறு உலோக முளை ஒன்று, ஸ்பிரிங்கின் தள்ளலில் மேகசினின் முன்பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் முளை பின்னால் நகர்ந்து விசையின் தொடர்பை அறுத்துவிடும். ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அந்த முளை மேகசினின் தகட்டில் உரசும். அந்த நறநறப்பு விரலுக்குத் தெரியும். அதே அழுத்தத்தால், பொத்தானை அமுக்கினாலும் வெற்று மேகசின் தானாகக் கீழே விழாது. கையால் உருவ வேண்டும். இதற்குப் பரிகாரமாக எஃப்.என். பின்னாளில் மேகசினின் அடியில் எலிப்பொறி மாதிரி ஒரு ஸ்பிரிங் வைத்து அதை வெளியே உதைக்கச் செய்தது. ஒரு குறையை எடுக்காமல் அதன்மேல் இன்னொரு கருவியைப் பொருத்திய வைத்தியம் அது.

இரண்டாவது, சுத்தியல். சுட்டதும் ஸ்லைடு பின்னால் வந்து சுத்தியலைக் கீழே தள்ளும். துப்பாக்கியின் பின்வால் குட்டை. கொஞ்சம் சதைப்பற்றான கையாக இருந்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான சவ்வு சுத்தியலுக்கும் வாலுக்கும் நடுவே மாட்டி நசுங்கும். ஒரு மேகசின் சுட்டு முடிக்கும்போது அந்த இடம் சிவந்து தோல் கிழிந்திருக்கும். மூன்றாவது, இடப்பக்கம் மட்டும் இருந்த குட்டிச் சேஃப்டி. கட்டைவிரல் அவசரத்தில் தேடினால் கிடைக்காத அளவு சிறியது. அதனால் பல படைகளில் குழலில் தோட்டா ஏற்றாமல் வைத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. ஆபத்து வரும்போது ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை ஏற்றிய பிறகுதான் சுட முடியும்.

இத்தனைக்கும் பிறகு உலகம் இதை விரும்பியது. காரணம் கைப்பிடி. பதின்மூன்று தோட்டாவை வைத்துக்கொண்டு, பழைய ஒற்றை வரிசைத் துப்பாக்கியைப் பிடித்தது போன்ற ஒடுக்கம். அதைக் கையில் எடுத்தவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

1940 மே மாதம் ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தைப் பிடித்தார்கள். எர்ஸ்டல் தொழிற்சாலை அவர்கள் கைக்குப் போனது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் ஹை பவர்கள் ஜெர்மன் படைக்காக அங்கே செய்யப்பட்டன. தொழிலாளர்கள் சிலர் வேண்டுமென்றே பழுதுகளை உள்ளே வைத்து அனுப்பினார்கள். சேவ் தப்பி இங்கிலாந்துக்குப் போனார். அவரிடமிருந்தும் அவரோடு வந்தவர்களிடமிருந்தும் கிடைத்த விவரங்களை வைத்து, கனடாவின் டொரண்டோவில் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் அதே துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது.

இங்கிலிஸ் கதையைச் சொல்லாமல் போக முடியாது. போருக்கு முன் கொதிகலன்களும் இயந்திரங்களும் செய்த ஆலை. போர் வந்ததும் பிரென் இயந்திரத் துப்பாக்கிகள் செய்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். 1941-ல் கனடா அரசு போட்ட விளம்பரப் படங்களில் 'பிரென் கன் கேர்ள்' என்று புகழ்பெற்ற வெரோனிகா ஃபாஸ்டர் அந்த ஆலைத் தொழிலாளிதான். 1944 தொடக்கத்திலிருந்து 1945 வரை அங்கே ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஹை பவர்கள் உருவாயின. முதல் பெரிய ஆர்டர் சீனாவுக்கு. தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிகாட்டியும், துப்பாக்கி உறையாகவும் தோள்கட்டையாகவும் பயன்பட்ட மரப்பெட்டியும் அதோடு போயின. சீனக் குடியரசின் உடைமை என்ற பொருளில் ஸ்லைடின் பக்கத்தில் சீன எழுத்துகள் பொறித்திருந்தன. மீதி பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்குப் போனது. போர் முடிந்தபின் இங்கிலிஸ் வாஷிங் மெஷின் செய்யப் போய்விட்டது. கனடிய வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பெயர் துணி துவைக்கும் இயந்திரமாகத்தான் பழக்கம்.

அந்தப் போர்க்காலத் துப்பாக்கிகளைத்தான் கனடியப் படை 2022-லும் வைத்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 7,000 சிக் சாவர் பி320 பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் போட்டு, சி22 என்ற பெயரில் அவற்றை எடுத்துக்கொண்டது. எண்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரே கைத்துப்பாக்கி, அதுவும் ஒரே காலத்தில் செய்த அதே துப்பாக்கிகள், ஒரு நாட்டுப் படையில் நின்றன.

இதே வம்சத்தின் ஒரு கிளை இந்தியாவிலும் வேர்விட்டது. கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாபூரில் உள்ள ரைஃபிள் தொழிற்சாலை, இங்கிலிஸ் வடிவத்தை அடியொற்றிச் செய்யும் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'தான் இந்திய ராணுவ அதிகாரிகள் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் கைத்துப்பாக்கி. பதின்மூன்று தோட்டா, ஒடுங்கிய கைப்பிடி, வெளியே தெரியும் சுத்தியல் எல்லாம் அப்படியே. 9 மி.மீ. நம் நாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் சாதாரண உரிமம் உள்ளவர் இதை வாங்க முடியாது. ஆகவே நம் பக்கத்தில் இதைப் பற்றிய பேச்சு படைவீரர்களுக்கும் காவல் துறையினருக்கும் உள்ளேயே நின்றுவிட்டது.

சேவுக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. போருக்குப்பின் அவர் வடிவமைத்த எஃப்.என். ஃபால் ரைஃபிளை வைத்துத்தான், 1962 சீனப் போரில் பழைய .303 ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நின்ற அனுபவத்துக்குப் பின், இச்சாபூர் 1ஏ1 ரைஃபிளைச் செய்தது. நாம் எஸ்.எல்.ஆர். என்று சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டில் பாரா நிற்கும் காவலர்கள் பல ஆண்டுகளாகத் தோளில் சுமந்த அந்தக் கனமான துப்பாக்கியும், ராணுவ அதிகாரியின் இடுப்பிலிருந்த பிஸ்டலும் லியேஜ்காரர் ஒருவரின் மேசையிலிருந்து புறப்பட்டவை. 1982 ஃபாக்லாந்து போரில் இந்த உறவு இன்னும் கொடுமையாக வெளிப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களிடமும் ஹை பவர். அர்ஜென்டினா உரிமம் வாங்கி ரொசாரியோவில் செய்ததும் ஹை பவர். இரு தரப்பு ரைஃபிளும் ஃபால். ஒரே மனிதரின் கருவிகளால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் செத்தார்கள்.

இந்தத் துப்பாக்கியின் புகழைப் பாடும் எழுத்துகள் பலவற்றில் 1980 மே மாதம் லண்டன் ஈரான் தூதரகத்துக்குள் புகுந்த எஸ்.ஏ.எஸ். அதிரடிப் படையினரின் படம் இருக்கும். அவர்களிடம் இது இருந்தது உண்மை. 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்ட மெஹ்மத் அலி அக்ஜாவின் கையிலிருந்ததும் இதுதான். லிபியாவின் கடாபி தங்க முலாம் பூசி வைத்திருந்ததும் இதுதான். 2011 அக்டோபரில் அவர் கொல்லப்பட்ட நாளில் ஓர் இளைஞன் அதைத் தூக்கிக்காட்டிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஒரு கருவியின் வரலாற்றை எழுதுகிறவர் வீரர் படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைப்பது நேர்மையில்லை.

பத்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்தத் துப்பாக்கிக்கு 1980-களிலேயே வயதாகத் தொடங்கிவிட்டது. எஃப்.என். மார்க் 2, மார்க் 3 என்று திருத்தங்கள் செய்தது. சேஃப்டி பெரிதாகி இரு பக்கமும் வந்தது. ஊசிக்குத் தனிப் பூட்டு வந்தது. அதற்குள் ஆஸ்திரியாவின் கிளாக், பிளாஸ்டிக் உடலும் பதினேழு தோட்டாவுமாகச் சந்தையை அள்ளிக்கொண்டது. 2013 ஜனவரியில் பிரிட்டன் 25,000-க்கும் மேல் கிளாக் 17 வாங்கி ஹை பவரை அனுப்பிவைத்தது. எடை குறைவு, துல்லியம் கூடுதல், பதின்மூன்றுக்குப் பதில் பதினேழு என்று பாதுகாப்பு அமைச்சகம் காரணம் சொன்னது. 2018 தொடக்கத்தில், ஹை பவர் உற்பத்தி நின்றுவிட்டது என்ற செய்தி வந்தது.

ஆனால் உற்பத்தி நின்றதும் விலை ஏறியது. நல்ல நிலையிலிருந்த பழைய துப்பாக்கிகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்தார்கள். வெகு காலமாகவே அங்கே தனிக் கைவினைஞர்கள் இதைத் திருத்திக்கொடுத்துச் சம்பாதித்துவந்தார்கள். சுத்தியலின் நுனியை வெட்டுவது, மேகசின் முளையைப் பிடுங்குவது, சேஃப்டியைப் பெரிதாக்குவது, குறிகாட்டியை மாற்றுவது என்று பட்டியல் ஏறக்குறைய எல்லாப் பட்டறையிலும் ஒன்றே. எஃப்.பி.ஐ.யின் பணயக்கைதி மீட்புப் படை 1980-களில் வைத்திருந்த ஹை பவர்களும் வெய்ன் நோவாக் என்ற கைவினைஞர் இப்படித் திருத்தியவைதாம்.

2021-ல் வந்த எஸ்ஏ-35 அந்தப் பட்டறைப் பட்டியலைத் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்தது. சுத்தியல் கடிக்காது. முளை இல்லை. சேஃப்டி விரலுக்கு அகப்படும். ஆனால் இடப்பக்கம் மட்டும். மேகசினில் பதினைந்து தோட்டா. பழைய ஹை பவரின் மேகசினையும் இதில் செருகலாம். எடை ஏறக்குறைய 890 கிராம். அறிவித்த விலை 699 டாலர். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி என்ற பெயரும் கடன் வாங்கியதுதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் இருந்த அரசுத் தொழிற்சாலையை 1968-ல் மூடிய பிறகு, அந்தப் பெயரை ஒரு தனியார் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

எஃப்.என். வேறு வழியில் போனது. பெயர் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக வரைந்தது. பதினேழு தோட்டா, இரு கைக்காரர்களுக்கும் பொருந்தும் சேஃப்டியும் பொத்தான்களும், எளிதாகப் பிரித்து மாட்டும் புதிய முறை. இங்கேயும் முளை இல்லை. எடை ஏறக்குறைய 1.13 கிலோ; எஸ்ஏ-35-ஐவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம். விலை 1,269 டாலரில் தொடங்கியது. பழைய ஹை பவரின் மேகசின் இதில் பொருந்தாது. பழைய உதிரிபாகங்களும் பொருந்தா.

அங்கேதான் கருத்துகள் பிளந்தன. பெற்றெடுத்த நிறுவனமே செய்தது என்பதால் எஃப்.என்.னுடையதுதான் வாரிசு என்றார்கள் ஒரு சாரார். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு, கனத்தால் எஃப்.என். துப்பாக்கி குறைவாகத் துள்ளுகிறது, விசை சுத்தமாக இருக்கிறது என்று சான்று தந்தார்கள். மறுசாரார் கைப்பிடியைச் சொன்னார்கள். பதினேழு தோட்டாவுக்காகப் பருத்துவிட்ட துப்பாக்கியை எந்த முகத்தோடு ஹை பவர் என்று அழைப்பது என்று கேட்டார்கள். எஸ்ஏ-35-இன் மேல் அவர்களுக்கும் குறை உண்டு. பழைய பெல்ஜிய வேலையின் ஆழ்ந்த நீல மெருகு இதில் இல்லை, மங்கலான பூச்சுதான். உள்ளே கருவி ஓடிய தடங்கள் தெரிகின்றன. கிர்சானை விலைக்காக வாங்கியவர்கள் பழைய மார்க் 3-க்கு மிக நெருங்கியது இதுதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

மேகசின் முளையை எடுத்ததைப் பற்றிய வாதம் மட்டும் வெறும் ரசனை விஷயமில்லை. கைகலப்பில் துப்பாக்கியை எதிராளி பறிக்க வரும்போது, பொத்தானை அமுக்கி மேகசினை வெளியே தள்ளிவிட்டால் பறித்தவனால் சுட முடியாது என்று காவல் துறைப் பயிற்சியாளர்கள் சிலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மேகசினை எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்து, குழலுக்குள் ஒரு தோட்டா இருப்பதை மறந்து விசையை இழுத்தவர்களால் நேர்ந்த சாவுகளும் உண்டு. அந்த மறதிக்குத் தடுப்பாகத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அன்று அதைக் கேட்டார்கள். நறநறப்பில்லாத விசைக்காக அதைப் பிடுங்குவது பந்தயச் சுடுகளத்தில் நியாயம். வீட்டு அலமாரியில் வைக்கும் துப்பாக்கியில் அது நியாயமா என்ற கேள்வியைப் புதிய மாடல்களைப் பாராட்டுபவர்கள் இன்னும் சரியாக எதிர்கொள்ளவில்லை.

மற்ற விஷயங்களில் தூய்மைவாதம் நிற்காது. பதினைந்து தோட்டா புதுமை என்று குற்றம் சொன்னால், பிரௌனிங்கின் 1922 மாதிரியில் பதினைந்துதான் இருந்தது. சுத்தியலைத் திருத்தக் கூடாது என்றால், பிரௌனிங்கின் மாதிரியில் சுத்தியலே வெளியில் இல்லை. இந்தத் துப்பாக்கி 1922, 1928, 1931, 1934 என்று ஒவ்வொரு கட்டத்திலும் திருத்தப்பட்டே வளர்ந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியர் கையிலும் கனடாக்காரர் கையிலும் மாறியது. பிறகு இச்சாபூரிலும் ரொசாரியோவிலும் புதிய பட்டறைகளுக்குப் பழகியது. திருத்தம்தான் அதன் பிறவிக் குணம்.

ஆனால் இத்தனை திருத்தத்திலும் இரண்டு மாறவில்லை. சேவின் மேகசினும், அதைச் சுற்றி அவர் ஒடுக்கிய கைப்பிடியும். 1935-ல் எர்ஸ்டலில் செய்ததையும் 1944-ல் டொரண்டோவில் செய்ததையும் ஒரே குடும்பம் என்று சொல்லவைத்தவை அவை. அந்த அளவுகோலில் பார்த்தால் தீர்ப்பு சிக்கலானதில்லை. எஸ்ஏ-35, கிர்சான் இரண்டும் ஹை பவரின் அடுத்த திருத்தங்கள். குறைகளோடு சேர்த்து அந்த வரிசையில் உட்காரத் தகுதியுள்ளவை. எஃப்.என். 2022-ல் கொண்டுவந்தது நன்றாகச் சுடும் ஒரு புதிய துப்பாக்கி. அதற்கு ஒரு புதிய பெயர் வைத்திருக்க வேண்டும்.